பழைய டிராக்டரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

நாற்று பறிக்கும் பருவத்தில் நிற்கிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. விடியற்காலையில் சேற்றுழவுக்காக டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் சுற்றவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும், இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாட்டரியைக் கடன் கேட்டுத் தூக்கிவர வேண்டும். அதற்குள் பாதிக் காலை போய்விடும்.

பழைய டிராக்டரை வாங்கி ஓட்டும் சிறு விவசாயிகள் பலருக்கும் இது பழகிப்போன தொல்லை. பாட்டரிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். சில மாதங்களில் அதுவும் அதே நிலைக்கு வருகிறது. பிறகு யாராவது ஒருவர், "டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுங்கள்" என்று யோசனை சொல்கிறார். யோசனை நல்லதுதான். ஆனால் அது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களும் முறை தெரியாமல் செய்தால் புதிய ஆல்டர்னேட்டர் மாட்டிய அன்றே எரிந்துபோகலாம். ஆகவே, பணத்தை எடுக்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

டைனமோ செய்யும் வேலை

1960களின் தொடக்கத்தில் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை வந்தது. அந்தக் காலத்து டிராக்டர்கள், ஜீப்புகள், அம்பாசடர் கார்கள் எல்லாவற்றிலும் பாட்டரிக்குச் சார்ஜ் கொடுத்தது டைனமோதான். நல்ல நிலையில் பராமரிக்கப்பட்ட பழைய வண்டிகளில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

டைனமோவின் உள்ளே சுழலும் பாகம் ஆர்மேச்சர். மின்சாரம் அதில்தான் உற்பத்தியாகிறது. அதை வெளியே எடுக்கக் கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டைகளின் மேல் இரண்டு கார்பன்கள் உரசிக்கொண்டிருக்கின்றன. உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் இந்தக் கார்பன்கள் வழியாகவே வர வேண்டும். ஆகையால் கார்பன் தேய்கிறது. கம்யூட்டேட்டர் கறுத்துப் பள்ளம் விழுகிறது. கனமான ஆர்மேச்சரை மிக வேகமாகச் சுழற்றவும் முடியாது. சுழற்றினால் அதன் சுற்றுக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால் டைனமோவுக்குப் பெரிய புல்லி போடுகிறார்கள். இதனால் என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவும் மெதுவாகவே சுழலும். ஓர் உதாரணம் பார்ப்போம். என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் டைனமோ 1.6 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உழவின்போது என்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று ஓடினால் டைனமோ 2,560 சுற்று ஓடும். நன்றாகச் சார்ஜ் ஏறும். ஆனால் வண்டியை நிறுத்திவைத்து என்ஜின் 650 சுற்றில் ஓடும்போது டைனமோவுக்குக் கிடைப்பது 1,040 சுற்றுத்தான். அந்த வேகத்தில் சார்ஜ் அநேகமாக ஒன்றும் ஏறாது. அப்போது விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தால் அத்தனையும் பாட்டரியின் கைமுதலிலிருந்தே செலவாகும்.

ஆல்டர்னேட்டரில் என்ன வேறுபாடு?

ஆல்டர்னேட்டரில் ஏற்பாடு தலைகீழ். மின்சாரம் உற்பத்தியாகும் கம்பிச்சுற்று சுழலாமல் வெளி உடலோடு நிலையாக இருக்கிறது. உள்ளே சுழல்வது காந்தம் மட்டுமே. அந்தக் காந்தத்துக்கு உயிர் கொடுக்க இரண்டு மூன்று ஆம்பியர் போதும். கார்பன்கள் சுமப்பது அந்தச் சிறு மின்சாரத்தை மட்டுமே என்பதால் அவை நெடுநாள் உழைக்கும். சுழலும் பாகம் உறுதியானது. ஆகவே சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம். என்ஜின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு சார்ஜ் கிடைப்பது இதனால்தான்.

ஆல்டர்னேட்டரில் உற்பத்தியாவது வீட்டு மின்சாரத்தைப் போல மாறுதிசை மின்சாரம். பாட்டரிக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்பவை டையோடுகள். இவை நமது ஏற்றக் குழாயில் இருக்கும் வால்வைப் போன்றவை. மின்சாரம் பாட்டரிக்குள் போகலாம். திரும்பி வர முடியாது. ஆகவே ஆல்டர்னேட்டருக்குக் கட்-அவுட் பெட்டி தேவையில்லை. சிலிக்கன் டையோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே ஆல்டர்னேட்டர் வண்டிகளுக்கு வந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960ல் தனது வேலியன்ட் காரில் அதை வைத்தது. பிறகு படிப்படியாக எல்லா வண்டிகளிலும் டைனமோ மறைந்தது.

அளவிலும் வேறுபாடு உண்டு. பழைய டிராக்டர்களில் இருந்த டைனமோக்கள் மாடலுக்கு ஏற்ப 11 முதல் 22 ஆம்பியர் வரை கொடுக்கும். டிராக்டருக்கு வழக்கமாகப் போடும் சாதாரண ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் கொடுக்கும்.

வரவு செலவுக் கணக்கு

உங்கள் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் தேவையா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

செல்ஃப் எடுக்கும்போது 250 ஆம்பியர் வரை இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஆறு விநாடி சுற்றினால் ஆகும் மொத்தச் செலவு அரை ஆம்பியர்-மணிகூட இல்லை. நல்ல டைனமோ இதை ஐந்தாறு நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். பாட்டரியைத் தின்பது செல்ஃப் அல்ல, விளக்குகளே.

முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 90 வாட், பின்னால் உழவு விளக்கு 45 வாட், வால்விளக்கும் மீட்டர் விளக்கும் 15 வாட் என்று கொள்வோம். மொத்தம் 150 வாட். 12 வோல்ட்டில் இது பன்னிரண்டரை ஆம்பியர். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ஆலை வாசலில் இரவு வரிசையில் நிற்கிறீர்கள், என்ஜின் மெதுவாக ஓடுகிறது, விளக்குகள் எரிகின்றன. மூன்று மணி நேரத்தில் 37 ஆம்பியர்-மணி செலவாகிவிடும். 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது சரிபாதி. மறுநாள் காலையில் செல்ஃப் சுற்றாததில் வியப்பில்லை.

11 ஆம்பியர் டைனமோ உள்ள வண்டியில் இரவு உழவு ஓட்டினால், டைனமோ முழுவதும் கொடுத்தாலும் விளக்குச் செலவுக்கே போதாது. பாட்டரிக்கு ஏறுவது ஒன்றுமில்லை. 22 ஆம்பியர் டைனமோவானால் உழவு வேகத்தில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் மிஞ்சும். 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டரானால் இருபதுக்கு மேல் மிஞ்சும்.

இந்தக் கணக்கிலிருந்து தெரிவது இதுதான். பகலில் மட்டும் தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரம் உழவு ஓட்டுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள டைனமோவே போதும். மாற்றுவது வீண் செலவு. இரவு உழவு, இரவு பாரம், அடிக்கடி நிறுத்தி எடுக்கும் சின்னச் சின்ன நடைகள், என்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருக்கும் வேலை ஆகியவை உள்ளவர்களுக்கு ஆல்டர்னேட்டர் நிச்சயம் பயன் தரும். டைனமோவுக்குச் சரியான ஆர்மேச்சரும் கட்-அவுட் பெட்டியும் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் உடைப்பைப் பாருங்கள்

வாய்க்காலில் உடைப்பு இருக்கும்போது பெரிய மோட்டார் வைத்துப் பயனில்லை. அதுபோல மின்சாரம் வழியில் வீணாகிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் மாட்டியும் தொல்லை தீராது. ஆகவே கீழ்க்கண்டவற்றை முதலில் சோதிக்க வேண்டும். இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும், ஒயர் பொருத்திய சிறிய 12 வோல்ட் பல்பும் போதும்.

1. பெல்ட்: இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். பெல்ட்டின் பக்கங்கள் பளபளவென்று இருந்தாலும் வழுக்கும்.

2. பாட்டரி முனைகள்: வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

3. எர்த்: செல்ஃபை ஒருவர் சுற்ற, இன்னொருவர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் குமிழிலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பிடிப்புச் சரியில்லை. பெயிண்ட், துரு, கிரீஸ் ஆகியவற்றைச் சுரண்டி எடுத்து மீண்டும் முடுக்க வேண்டும். 'டக்' என்ற சத்தத்துக்குப் பல வண்டிகளில் இதுவே காரணம்.

4. கசிவு: எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் இடையே பல்பை இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. தோல் உரிந்த ஒயரைத் தேட வேண்டும்.

5. பாட்டரி: வண்டியை ஓட்டாமல் ஓர் இரவு வைத்திருந்து காலையில் அளந்தால் முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழுவதும் சார்ஜ் செய்த பிறகும் ஓர் இரவில் இறங்கிவிடும் பாட்டரியைக் காப்பாற்ற முடியாது. அரைகுறைச் சார்ஜிலேயே பல வாரம் கிடந்த பாட்டரியின் தகடுகளில் சல்பேட் என்ற வெண்படிவு இறுகி, அது மீள முடியாமல் கெட்டுவிடுகிறது.

டைனமோவைச் சோதிக்கும் முறை

பல சமயங்களில் டைனமோ நன்றாகவே இருக்கும். கோளாறு கட்-அவுட் பெட்டியில் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனைகள் உண்டு. இரண்டிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் சேர்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை டைனமோ உடம்பிலும் வைத்து, என்ஜின் வேகத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். மீட்டர் தடங்கலில்லாமல் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் டைனமோவில் குறையில்லை. 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. அதற்குள் என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன்களைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றால் பீல்டு காயிலில் கோளாறு. நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரைச் சந்தேகிக்க வேண்டும். கார்பன் மாற்றுவதும் கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்வதும் மட்டுமே தேவை என்றால், அந்தச் சிறு செலவோடு முடித்துக்கொள்ளலாம்.

கழற்றி மாட்டிய டைனமோ சார்ஜ் கொடுக்காவிட்டால் அதன் காந்தம் மங்கியிருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, எஃப் ஒயரைக் கட்-அவுட் பெட்டியிலிருந்து கழற்றி, பாட்டரியின் எர்த் அல்லாத குமிழில் ஒரு விநாடி தொட்டு எடுத்தால் காந்தம் திரும்ப வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. கட்-அவுட்டின் பாயிண்டுகள் சில வேளை ஒட்டிக்கொள்ளும். அப்போது என்ஜினை நிறுத்திய பிறகும் பாட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் கடைசிவரை போய் நிற்பதே அடையாளம். உடனே பாட்டரி ஒயரைக் கழற்றாவிட்டால் ஒயர்கள் பழுத்துத் தீப்பிடிக்கும். வைக்கோல் போரின் அருகே டிராக்டரை நிறுத்தும் வழக்கமுள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

வாங்கும்போது

12 வோல்ட் ஆல்டர்னேட்டரையே வாங்க வேண்டும். லாரி, பஸ்களில் இருப்பவை பெரும்பாலும் 24 வோல்ட். ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த வகை நல்லது. தனி ரெகுலேட்டர் வகையில் ஒயர் வேலை கூடும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் புது மாடல் கார் ஆல்டர்னேட்டர்களில் ஆசை வைக்கக் கூடாது. அவற்றில் பல, காரின் கம்ப்யூட்டர் கட்டளையிட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். டிராக்டர் மாடலைச் சொல்லி, அதற்கான பிராக்கெட்டையும் பெல்ட்டையும் சேர்த்து வாங்குவதே சிக்கனம். பழையது வாங்குவதானால் கையால் சுற்றிப் பார்த்து, பேரிங் சத்தமில்லாமல் சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

சில பழைய டிராக்டர்களில் மணி மீட்டருக்குப் போகும் கேபிள் டைனமோவின் பின்புறத்திலிருந்தே எடுக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் டைனமோவைக் கழற்றினால் மணி மீட்டர் நின்றுவிடும். வாடகைக்கு உழவு ஓட்டி மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், மின்சாரத்தில் ஓடும் தனி மணி மீட்டருக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

எர்த் எந்தப் பக்கம்?

ஆல்டர்னேட்டரை எரித்துவிடும் தவறுகளில் முதலாவது இதுதான். பழைய ஆங்கிலேய மாடல் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு எர்த் செய்யப்பட்டிருக்கும். சாதாரண ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். மாற்றி இணைத்தால் டையோடுகள் நொடியில் போய்விடும்.

எனவே, உடம்புக்குப் போகும் கேபிள் பாட்டரியின் எந்தக் குமிழில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் பாட்டரியைத் திருப்பி வைத்து, நெகட்டிவை உடம்புக்குக் கொடுக்க வேண்டும். பாசிட்டிவ் குமிழ் சற்றுப் பருமனானது. ஆகவே பழைய கிளாம்புகள் இடம் மாறிப் பொருந்தாது; சுத்தியலால் தட்டி ஏற்றாமல் கிளாம்புகளை மாற்றிவிட வேண்டும். அம்மீட்டர் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முள் தலைகீழாகக் காட்டும். பழைய செல்ஃப் மோட்டார்கள் இதனால் எதிர்த்திசையில் சுற்றாது, பல்புகளுக்கும் கவலையில்லை. ரேடியோ, மின்னணு ஹாரன் போன்றவை இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்.

மாட்டும் முறை

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். பழைய ஒயர்கள் ஒவ்வொன்றும் எந்த முனையில் இருந்தது என்று துணிப்பட்டையில் எழுதிக் கட்டிவைக்க வேண்டும்.

டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். ஆகவே அதற்குரிய பிராக்கெட் வேண்டும். என்ஜின் புல்லி, விசிறிப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதை ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். சற்று விலகினாலும் பெல்ட் அறுத்துக்கொள்ளும், பேரிங்கும் போய்விடும். புல்லியின் பள்ளம் பெல்ட்டின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரை நெம்பும்போது புல்லி பக்கத்து மூடியில் மட்டுமே கட்டை வைத்து நெம்ப வேண்டும்.

ஆல்டர்னேட்டரில் இரண்டு இணைப்புகள் முக்கியமானவை. பெரிய முனையிலிருந்து பாட்டரிக்குச் சார்ஜ் போகிறது. இதற்குப் பழைய டைனமோ ஒயர் போதாது. 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத புதிய செம்பு ஒயர் போட்டு, செல்ஃப் சுவிட்சில் பாட்டரி கேபிள் வந்து சேரும் முனையில் நேராக இணைக்க வேண்டும். அந்த முனைக்கு அருகிலேயே 50 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருந்தால், ஒயர் எங்காவது உரசினாலும் தீ விபத்து நேராது. ஒயரை வெறுமனே முறுக்கிக் கட்டாமல் லக்கு வைத்து நசுக்கி முடுக்க வேண்டும்.

இரண்டாவது, சிறிய முனை. இது சாவியிலிருந்து எச்சரிக்கை விளக்கு வழியாக வர வேண்டும். இந்த விளக்கு வெறும் அடையாளத்துக்காக அல்ல. ஆல்டர்னேட்டரின் காந்தத்துக்கு முதல் உயிர் கொடுக்கும் மின்சாரம் இதன் வழியாகவே போகிறது. பல்பு இல்லாவிட்டாலோ எரிந்துபோனாலோ சார்ஜ் தொடங்காமல் போகலாம். 2 வாட்டுக்குக் குறையாத சாதாரண இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி. விளக்கு மட்டும் போட்டால் போதாது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி வழியாக இல்லாமல் பாட்டரியிலிருந்து நேராக இணைத்தால் வண்டி நிற்கும்போதும் மின்சாரம் கசிந்து, இரண்டொரு நாளில் பாட்டரி காலியாகிவிடும்.

பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. ஆனால் அதை அப்படியே கழற்றிப் போட்டால் விளக்குகள் எரியாது. ஐந்து முனைப் பெட்டியில் ஏ, ஏ1 என்று இரண்டு முனைகள் இருக்கும். ஏ முனையில் அம்மீட்டர் ஒயரும், ஏ1 முனையில் சாவிக்கும் விளக்குகளுக்கும் போகும் ஒயர்களும் வந்திருக்கும். இவற்றை ஒரே போல்ட்டில் சேர்த்து முடுக்கி, உடம்பில் படாதபடி மூட வேண்டும். டைனமோவுக்குப் போன டி, எஃப் ஒயர்களை எடுத்துவிட வேண்டும். டி முனையில் இருந்த மெல்லிய ஒயர் எச்சரிக்கை விளக்கினுடையது; அதையே ஆல்டர்னேட்டரின் சிறிய முனைக்குப் பயன்படுத்தலாம்.

சார்ஜ் ஒயர் நேராகப் பாட்டரிக்குப் போவதால் இனி பழைய அம்மீட்டர் சார்ஜைக் காட்டாது. விளக்குகளின் செலவை மட்டுமே காட்டும். அந்த அம்மீட்டர்கள் பல 30 ஆம்பியர் அளவுக்கே செய்யப்பட்டவை என்பதால் 36 ஆம்பியரை அதன் வழியாகச் செலுத்தாமல் இருப்பதே நல்லது. பதிலாக, சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாம்.

சரியாக இருக்கிறதா என்று பார்த்தல்

என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டிப் பாட்டரிக் குமிழ்களில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். எல்லா விளக்குகளையும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15 வோல்ட்டைத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும்.

செய்யக் கூடாதவை

* என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. டைனமோ காலத்தில் சில மெக்கானிக்குகள் இப்படிச் சார்ஜ் சோதிப்பது உண்டு. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால் டையோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

* வண்டியிலோ, அதோடு இணைந்த கலப்பையிலோ கரண்டு வெல்டிங் வைக்குமுன் பாட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும்.

* வேறு பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று இருமுறை பார்க்க வேண்டும்.

* வண்டியைக் கழுவும்போது ஆல்டர்னேட்டரின் மீது தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. சேற்றுழவில் சேறு தெறிக்கும் இடமானால் தகரத்தில் ஒரு மறைப்பு அடிக்கலாம். காற்று போக வழி இருக்க வேண்டும்.

* சார்ஜ் ஏறும் பாட்டரியின் அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றும்.

ஆல்டர்னேட்டருக்கும் ஒரு குறை உண்டு. பாட்டரி அடியோடு காலியாகிவிட்டால், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் அது பெரும்பாலும் சார்ஜ் கொடுக்காது; முதல் உயிர் கொடுக்கப் பாட்டரியில் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். டைனமோவிலோ தங்கியிருக்கும் காந்தமே அந்த வேலையைத் தொடங்கிவைக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பழைய டீசல் என்ஜின் ஒருமுறை எடுத்துவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகையால் சார்ஜ் நின்றுபோனதே பல நாள் தெரியாமல் போகிறது. தெரிய வரும்போது பாட்டரியும் கெட்டிருக்கும், நடவு நாளும் வந்திருக்கும். டைனமோவானாலும் ஆல்டர்னேட்டரானாலும், தினமும் வண்டியை எடுத்தவுடன் மீட்டரையும் எச்சரிக்கை விளக்கையும் ஒருமுறை பார்ப்பதை ஓட்டுகிறவர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை பெல்ட்டையும் பாட்டரித் தண்ணீரையும் கவனித்து, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வந்தால், முறைத் தண்ணீர் வரும் நாளில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிராது.